ஆற்றுக்கு அந்தப் பக்கம்

செகி நகரத்துத் தொழிற்சாலையில்
மூன்றாம் முறையாக என் மேசைக்கு வந்தது
அதே முடிவெட்டும் கருவி.
அனுப்பியவர்: குராமோச்சி செட்சு, செண்டாய்.
"கத்துகிறது. பிள்ளைகள் நாற்காலியை விட்டு இறங்கி ஓடுகிறார்கள்.
போன தடவையும் பழுதில்லை என்றே எழுதினீர்கள்."

செருகினேன்.
கத்தவில்லை.
பக்கத்து வீட்டுக் குளிர்பெட்டி போல
தன் பாட்டுக்கு முனகியது.

மூடியைக் கழற்றினேன். உள்ளே அதிகம் ஒன்றுமில்லை.
(விற்பனைப் பிரிவில் சொல்லிவிடாதீர்கள்.)
சுழல்வதென்று எதுவும் கிடையாது.
தகடு தகடாய் அடுக்கிய இரும்பு,
அதைச் சுற்றிய செம்புக்கம்பி,
எதிரே எஃகு வில்லில் தொங்கும் ஒரு துண்டு இரும்பு.
மின்னோட்டம் ஏறினால் காந்தம் இழுக்கும்.
இறங்கினால் வில் பிடுங்கிக்கொள்ளும்.
திசை மாறி ஏறினாலும் இழுப்பு இழுப்புதான்:
இரும்புக்கு வடக்கென்ன தெற்கென்ன.
நொடிக்கு அறுபது சுற்று, நூற்றிருபது இழுபறி.
அதன் நுனியில் மேல்தகடு பல்லைப் பல்லாய்
அசையாத கீழ்த்தகட்டின் மேல் ஓடும்.
நடுவே அகப்பட்டது முடி.

தகடுகளைச் சேர்த்து விளக்குக்கு நேரே பிடித்தேன்.
நுனியும் குதியும் தொட்டன,
இடையில் ஒரு கீற்று வெளிச்சம்.
அப்படித்தான் தீட்டியிருக்க வேண்டும்.
பழுதில்லை என்று எழுதப் பேனாவைத் திறந்தேன்.
மூடினேன்.

கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு ரயிலேறினேன்.
ஃபூஜி ஆற்றுப் பாலம் கடக்கும்போது
சோற்றுப்பெட்டியின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.
ஆற்றைப் பார்க்கவில்லை.

ஒற்றை நாற்காலிக் கடை.
குராமோச்சி அம்மாள் குனிந்து வணங்கி நிமிர்ந்த கையோடு
செருகிக் காட்டினார்.
தகரத்தில் கூழாங்கல்லைக் கொட்டியது போல
அலறியது என் கருவி.
"ஒசாகாவில் ஆறு வருஷம் வாயே திறக்காதது இது"
என்றார்.

ஒசாகா.
சோறு தொண்டைக்கு ஏறியது போலிருந்தது.

மின் எந்திரம் வாங்கிய காலத்தில்
கிழக்கே ஒரு தேசத்தாரிடம் வாங்கினார்கள்,
மேற்கே வேறொரு தேசத்தாரிடம்.
ஆற்றுக்கு அங்கே நொடிக்கு அறுபது,
இங்கே ஐம்பது.
பரீட்சைத்தாளில் நானே எழுதி மதிப்பெண் வாங்கியதுதான்.

நூற்றிருபதுக்குப் பழகிய வில்லை
நூறு தடவை, நின்று நிதானித்து இழுத்தால்?
சுருளில் மின்னோட்டமும் கூடுதல்.
நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல்
காந்தத்தின் மூஞ்சியிலேயே போய் முட்டுகிறது இரும்பு.

பக்கத்துத் திருகை அரைச் சுற்றுத் தளர்த்தினேன்.
சட்டென்று அமைதி.
"சரி, வெட்டுமா?" என்றார்
என் கழுத்தில் துணியைப் போர்த்தியபடி.

பிடரியில் வெட்டியது.
காதுக்குப் பின்னே அடர்ந்த இடத்தில்
மென்றது, பிடுங்கியது, நின்றே போனது.
கண்ணாடிக்குள் எங்கள் கண்கள் சந்தித்தன.
இருவரும் ஒன்றும் பேசவில்லை.
மிச்சத்தைக் கத்தரிக்கோலால் முடித்தார்.
காசு வாங்கிக்கொண்டார். முழுக் காசு.

செகியில் ஐம்பது கிடைக்காது.
அதைத் தயாரிக்கும் எந்திரம் ஒன்றை
வாடகைக்கு எடுத்துக் கிடங்கில் வைத்தேன்.
ஒரு மாதம் வில்லைத் தேய்த்தேன், அளந்தேன்,
உடைத்தேன், மறுபடி தேய்த்தேன்.
கடைசியில் கழித்தது
ஒன்றரை முடியின் பருமன்.

இப்போது இரண்டு வகை போகின்றன.
பொதி கட்டும் மிசாவோ இரண்டையும் கையிலேந்தி
என்ன வித்தியாசம் என்று கேட்டாள்.
சிவப்புப் பொட்டு வைத்தது கிழக்குக்கு என்றேன்.
"அது நீங்கள் வைத்த பொட்டு" என்றாள்.

செண்டாயிலிருந்து புகார் இல்லை.
அஞ்சலட்டையும் இல்லை.

சிவப்புப் பொட்டொன்றை வீட்டில் செருகிப் பார்த்தேன்.
இங்கே அது தலையில் கிச்சுகிச்சு மூட்டுவதோடு சரி.
காதுக்குப் பின்னே முடி
இன்னும் கோணலாகத்தான் வளர்கிறது.
மனைவி கேட்டால்
வேலையில் பட்டது என்கிறேன்.